மனநோயுற்ற கைதிகளுக்கான மருத்துவமனைச் சிகிச்சை (இந்தியா)

குற்ற வழக்கில் சிக்கியவர் மனநோயாளி எனத் தெரியவந்தால் அவரை அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பிச் சிகிச்சை தரும் ஏற்பாடு இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே உண்டு. தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தலையில்தான் விழுகிறது. 1794இல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனை 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது.

இப்படி வருபவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். குற்றம் செய்த வேளையில், சித்தம் கலங்கியதால் தாம் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறியாதிருந்தவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு குற்றத்திலிருந்து விலக்கியது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 22ஆம் பிரிவு அதையே சொல்கிறது. ஆனால் விடுவிக்கப்பட்டவர் உடனே வீடு திரும்பிவிட முடியாது. பாதுகாப்பில் வைக்கும்படியோ, உறவினர் பொறுப்பேற்றால் அவரிடம் ஒப்படைக்கும்படியோ நீதிமன்றம் ஆணையிடும். தண்டனை பெற்றபின் நோய்வாய்ப்படுவோரை மருத்துவமனைக்கு மாற்ற, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு வழிசெய்கிறது.

சிக்கலான நிலை விசாரணைக் கைதிகளுடையது. தம் வழக்கை நடத்தும் தெளிவு இல்லாதவரின் விசாரணை தள்ளிவைக்கப்படும். காவலர் துணையோடு வார்டுக்கு வரும் அவருக்கு மருந்து கொடுத்துத் தேற்றுவதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. தம்மீதுள்ள குற்றச்சாட்டு என்ன, நீதிபதி யார், வக்கீல் எதற்கு என்பது அவருக்குப் புரிகிறதா, நடந்ததை வக்கீலிடம் கோவையாகச் சொல்ல முடிகிறதா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். சிறை திரும்பியபின் மாத்திரை விட்டுப்போனால் நோய் மீண்டும் தலைதூக்கும்; வழக்கும் மறுபடி நிற்கும்.

நோய் தீர்ந்தாலும் கோப்பு நகராமல் போவதுண்டு. அசாமில் 1951இல் கைதான ஒருவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1967இல் அவர் தேறிவிட்டதாக மருத்துவமனை சான்றளித்தது. அவரோ குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை நடக்கவே இல்லை. 54 ஆண்டுகள் கழித்து, 2005இல், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். இங்கே தவறியது மருத்துவமல்ல; தேறியவரைத் தேடிப்பார்க்க நீதிமன்றத்திலும் சிறையிலும் ஆளில்லாததே.

இன்றைய சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவப் பிரிவு இருந்தாக வேண்டும். சிறை மருத்துவ அலுவலரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்பட்டவர்.