எழுதினவங்க சொன்னாலும் செல்லாது: 1951

எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது 69 சதவீத இடஒதுக்கீட்டில்தான். கவுன்சிலிங் அன்னைக்கு எந்த காலேஜ் கிடைக்கும்ங்கிறது மட்டும்தான் கவலை. அந்த சீட்டுக்குப் பின்னாடி கோர்ட்டும் நாடாளுமன்றமும் மோதின கதை இருக்குன்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணைன்னு ஒண்ணு. 14 கல்லூரி இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு (அன்றைய சொல்) 2, கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்குத் தலா 1. இதை எதிர்த்து மருத்துவ இடத்துக்காக செண்பகம் துரைராஜனும், கிண்டி இன்ஜினியரிங் இடத்துக்காக சி.ஆர். சீனிவாசனும் வழக்கு போட்டாங்க. செண்பகம் விண்ணப்பமே போடலைங்கிறது தனிக்கதை. உச்ச நீதிமன்றமே அதைத் தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கு.

1951 ஏப்ரல் 9-ல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அரசாணை செல்லாதுன்னு சொன்னாங்க. தீர்ப்பைப் படிக்கும்போது கோட் ரிவ்யூ மாதிரியே இருந்தது. அரசு வேலைக்கு 16(4)-ல் விதிவிலக்கு எழுதியிருக்கு. கல்லூரி சேர்க்கை பற்றிய 29(2)-ல் எழுதலை. அப்படின்னா வேணும்னேதான் விட்டிருக்கணும்.

ஆனா அப்போ முதல் பொதுத்தேர்தலே நடக்கலை. நாடாளுமன்றத்தில் இருந்தவங்க பெரும்பாலும் அரசியலமைப்பை எழுதின அதே ஆட்கள்! 'நாங்க நினைச்சது இது இல்லை'ன்னு சொல்ல அவங்களைவிட உரிமை யாருக்கு? ஆனா எழுதினவர் மனசுல இருக்கிறது ரன் ஆகாது, எழுதினதுதான் ரன் ஆகும். அதுவும் எழுதினவங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அரசாணையை எதிர்த்து வாதாடினவர்களில் ஒருவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர்.

சென்னை மாகாணத்தில் பெரியார் உட்பட பலர் போராட்டத்தில் இறங்கினாங்க. 70 நாளில் பேட்ச் வந்தது: ஜூன் 18, முதல் திருத்தம், 15(4). கோர்ட் தப்பாகப் படிச்சதுன்னு நான் நினைக்கலை. எழுத்தை மாத்துறது நாடாளுமன்றத்தோட வேலை, அதை அது செஞ்சது.

அதே திருத்தம் ஒன்பதாவது அட்டவணையையும் கொண்டு வந்தது. ஒயிட்லிஸ்ட்னு வெச்சுக்கோங்க. அதில் ஏத்தின சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுதுன்னு கோர்ட் ரத்து பண்ண முடியாது. தமிழ்நாட்டின் 69 சதவீதச் சட்டம் 1994-ல் அதுக்குள்ளே போனது.

1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் கோர்ட் ஒரு எல்லை போட்டது: திருத்தலாம், ஆனா அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது. 2007-ல் ஒன்பது நீதிபதிகள் அதை ஒன்பதாவது அட்டவணைக்கும் நீட்டினாங்க. அந்த 1973 தேதிக்கு அப்புறம் ஒயிட்லிஸ்ட்டில் ஏறின எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வெச்சு கோர்ட் சோதிக்கலாம்.

எனக்கு சீட் கொடுத்த சட்டம் ஏறினது 1994-ல்.