ஜப்பானியப் போர்விமான மாதிரிகளும் மேசைப் போர் விளையாட்டும்

ஜப்பானியப் போர்விமான மாதிரிகள் என்பவை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்திய விமானங்களைக் குறிப்பிட்ட அளவு விகிதத்தில் சுருக்கிச் செய்து, வண்ணம் பூசப்படும் சிறு உருவங்கள் ஆகும். இவற்றைக் கண்ணாடிப் பேழையில் காட்சிக்கு வைப்போர் ஒரு வகையினர். மேசைமீது கடல்போன்ற விரிப்பைப் பரப்பி, பகடை உருட்டி, பழைய வான்போர்களை மீண்டும் நிகழ்த்திப் பார்ப்போர் மற்றொரு வகையினர். இன்று பொழுதுபோக்காக விளங்கும் இக்கலை, முதலில் பள்ளி மாணவர்களின் போர்க்காலப் பணியாக இருந்தது. பின்னர் ஜப்பானில் ஆணையிட்டுத் தடுக்கப்பட்டது. அதன்பின் ஒரு நகரத்தின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றாயிற்று.

பள்ளிக்கூடங்களில் மாதிரி விமானங்கள்

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முத்துத் துறைமுகத் தாக்குதல் நடந்த சில வாரங்களில், அமெரிக்கக் கடற்படை அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோளை வைத்தது. 1/72 அளவில் 5 இலட்சம் மர விமான மாதிரிகளை மாணவர்கள் செய்து தர வேண்டும் என்பதே அது. நட்பு நாட்டு விமானங்களும் பகை நாட்டு விமானங்களும் இப்பட்டியலில் இருந்தன. வானத்தில் தெரியும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று நொடிப்பொழுதில் அறியும் பயிற்சியைப் பீரங்கி வீரர்களுக்கும் விமானிகளுக்கும் அளிக்க இவை தேவைப்பட்டன. உயரத்தில் பறக்கும் விமானம் நிழலுருவாகவே தெரியும் என்பதால், மாதிரிகளுக்குக் கறுப்பு வண்ணமே பூசப்பட்டது.

1/72 என்ற அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இந்த அளவில் மாதிரியின் ஓர் அங்குலம் உண்மை விமானத்தின் ஆறு அடிக்குச் சமம். மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். பயிற்சி அறைக்குள்ளேயே போர்க்களத் தொலைவை உருவாக்க இது உதவியது. பிரிட்டனில் 1930-களிலேயே 'ஸ்கைபேர்ட்ஸ்' மர மாதிரிகளும், 1936 முதல் 'ஃபிராக் பெங்குவின்' பிளாஸ்டிக் மாதிரிகளும் இதே அளவில் விற்பனையாயின. மாணவர்களின் மர மாதிரிகளை அடுத்து, சிகாகோ நகரின் குரூவர் நிறுவனம் பிளாஸ்டிக்கில் அடையாள மாதிரிகளைப் பெருமளவில் வார்த்துக் கொடுத்தது.

ஜப்பானிலும் நிலைமை இதுவே. போர்க்காலப் பள்ளிகளில் மாதிரி விமானம் செய்தல் பாடத்தின் பகுதியாக இருந்தது. மூங்கில், மெல்லிய மரம், காகிதம், ரப்பர் நாடா ஆகியவற்றால் பறக்கும் மாதிரிகளைச் சிறுவர்கள் செய்தனர். வருங்கால விமானிகளையும் விமானத் தொழிலாளர்களையும் உருவாக்குவதே அரசின் நோக்கம். ஒரு நாட்டின் பிள்ளைகள் பறப்பதற்காகவும், மற்றொரு நாட்டின் பிள்ளைகள் பறப்பதைச் சுட்டு வீழ்த்துவதற்காகவும் ஒரே காலத்தில் மாதிரி விமானம் செய்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான உண்மை.

தடையும் ஷிசுவோகா நகரமும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நேச நாட்டுத் தலைமையகம் பிறப்பித்த ஆணை, ஜப்பானியர் விமானம் வைத்திருப்பதையும், விமானவியல் கற்பிப்பதையும், ஆராய்ச்சி செய்வதையும் தடுத்தது. இயங்கும் மாதிரிகளும் அத்தடையில் அடங்கின. ஆக்கிரமிப்பு 1952-இல் முடிவுற்ற பின்னரே ஜப்பானில் விமானத் துறை மீண்டும் எழுந்தது.

ஜப்பானிய மாதிரித் தொழிலின் தலைநகராக விளங்குவது ஷிசுவோகா. மலைக்காடுகளின் மரமும், மரவேலைக் கைவினைஞர்களின் திறமையும் இங்கு முன்பே இருந்தன. அவோஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி, டாமியா ஆகிய நிறுவனங்கள் இங்கு மரத்தில் தொழிலைத் தொடங்கியவை. இவற்றுள் டாமியா 1946-இல் மர வணிக நிறுவனமாகத் தோன்றியது. 1958-இல் டோக்கியோவின் மருசான் நிறுவனம் வெளியிட்ட 'நாட்டிலஸ்' நீர்மூழ்கிக் கப்பலே ஜப்பானில் உருவான முதல் பிளாஸ்டிக் மாதிரியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன்பின் மர மாதிரிகளின் விற்பனை சரிந்தது. மரத்தை நம்பியிருந்த நிறுவனங்கள் வேறு வழியின்றி பிளாஸ்டிக்குக்கு மாறின. டாமியாவின் முதல் பிளாஸ்டிக் மாதிரி, 1960-இல் வெளிவந்த 'யமாட்டோ' போர்க்கப்பல் ஆகும்.

1971-இல் ஷிசுவோகா நிறுவனங்கள் ஒன்றுகூடி 1/700 அளவில் 'வாட்டர்லைன்' கப்பல் தொடரை வெளியிட்டன. நீர்மட்டத்திற்கு மேலுள்ள பகுதி மட்டும் உள்ள இக்கப்பல்களை மேசைமீது அப்படியே நகர்த்தலாம். விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்தில் வைப்பதற்கு, விரல் நகம் அளவேயான விமானங்களும் இவற்றுடன் வந்தன.

போர் விளையாட்டும் மிட்வேயும்

மேசைப் போர் விளையாட்டு 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சியாக வளர்ந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் விதிநூல் அதைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியது. ஜப்பானியக் கடற்படையும் தன் திட்டங்களை மேசைமீது ஆடிப்பார்த்த பின்னரே செயல்படுத்தியது.

இவற்றுள் பெயர்பெற்றது, 1942 மே மாதம் 'யமாட்டோ' கப்பலில் நடந்த மிட்வே ஒத்திகை ஆகும். அதில் அமெரிக்கக் குண்டுகள் ஒன்பது இலக்கைத் தாக்கியதாகவும், 'அகாகி', 'காகா' என்னும் இரு விமானந்தாங்கிகள் மூழ்கியதாகவும் பகடை காட்டியது. தலைமை நடுவராக இருந்த தளபதி உகாகி அதை ஏற்கவில்லை. தாக்கியவை மூன்றே என்று குறைத்து, 'அகாகி' சிறு சேதத்துடன் தப்பியதாக அறிவித்தார். மூழ்கிய 'காகா'வும் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் மீண்டும் இடம்பெற்றது. கடற்படை அதிகாரிகளான புச்சிடாவும் ஒக்குமியாவும் போருக்குப் பின் எழுதிய நூலில் இந்நிகழ்ச்சி விவரிக்கப்பட்டுள்ளது. 1942 ஜூன் 4 அன்று தொடங்கிய உண்மைப் போரில் 'அகாகி', 'காகா' ஆகியவற்றோடு 'சொர்யு', 'ஹிர்யு' என்னும் மேலும் இரு விமானந்தாங்கிகளும் அழிந்தன. விளையாட்டில் பகடையை மாற்றலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

அளவு விகிதங்கள்

போர் விளையாட்டில் ஒரே நேரத்தில் பல விமானங்கள் மேசைமீது நிற்க வேண்டும். எனவே காட்சி மாதிரிகளைவிடச் சிறிய அளவுகளே விரும்பப்படுகின்றன. மிட்சுபிஷி 'ஜீரோ' விமானத்தின் 21-ஆம் வகைக்குச் சிறகின் முழு நீளம் 12 மீட்டர். அது 1/72 அளவில் 16.7 செ.மீ., 1/144-இல் 8.3 செ.மீ., 1/200-இல் 6 செ.மீ., 1/300-இல் 4 செ.மீ., 1/600-இல் 2 செ.மீ. ஆகும். 2018-இல் வார்லார்ட் நிறுவனம் வெளியிட்ட 'பிளட் ரெட் ஸ்கைஸ்' விளையாட்டு 1/200 அளவைக் கொண்டது. இதில் விமானம் சாதகமான நிலையில் உள்ளதா, பாதகமான நிலையில் உள்ளதா என்பதை, அதன் தாங்கியை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்துக் காட்டுவர்.

விமானத்தின் இயல்பே விளையாட்டு விதியாகிறது. ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த ஜீரோ, எடையைக் குறைப்பதற்காகத் தொடக்கத்தில் விமானிக்குக் கவசத் தகடும், குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இன்றிக் கட்டப்பட்டது. ஆகவே மேசையில் அது வேகமாகத் திரும்பும். ஆனால் ஓரிரு அடிகளிலேயே வீழும்.

நிறம் பற்றிய சிக்கல்

ஜப்பானிய விமான மாதிரி செய்வோரிடையே நெடுங்காலமாக வாதிக்கப்படும் பொருள், 1942 வரையிலான ஜீரோவின் நிறம். பல ஆண்டுகள் அது வெளிர் சாம்பல் அல்லது வெள்ளை என்றே எண்ணப்பட்டது. ஆனால் 1942-ஆம் ஆண்டின் ஜப்பானியக் கடற்படை ஆய்வறிக்கை ஒன்று, ஜீரோவின் நிறத்தைச் சாம்பலில் சற்றே 'அமே' நிறம் கலந்தது என்று கூறுகிறது. அமே என்பது தானியத்திலிருந்து காய்ச்சப்படும் ஒருவகை இனிப்புப் பாகு. வீழ்ந்த விமானங்களிலிருந்து எஞ்சிய தகடுகளிலும் ஆலிவ் சாயல் கொண்ட சாம்பல் நிறம் காணப்படுகிறது. அது பூச்சின் உண்மை நிறமா, வெயிலிலும் உப்புக்காற்றிலும் பழுத்த நிறமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

இச்சிக்கலுக்குக் காரணங்கள் தெளிவானவை. போர் முடிந்தபோது ஜப்பானியர் பல ஆவணங்களைத் தாங்களே எரித்தனர். எஞ்சிய விமானங்களை வெற்றி பெற்றோர் உடைத்து அழித்தனர். அக்காலப் புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. மேலும் தரைப்படையும் கடற்படையும் தனித்தனி வண்ணத் தரங்களைப் பின்பற்றின. ஒரே ஜீரோவை மிட்சுபிஷி, நாகஜிமா ஆகிய இரு நிறுவனங்களும் கட்டியதால், விமானி அறையின் பச்சை நிறம்கூட ஆலைக்கு ஆலை வேறுபட்டது.

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய செய்திகளும் உள்ளன. 1943-இன் நடுப்பகுதியிலிருந்து ஜீரோவின் மேற்பகுதிக்கு ஆலையிலேயே கரும்பச்சை பூசப்பட்டது. சிறகின் முன்விளிம்பில் உள்ள மஞ்சள் பட்டை, தம் படையினரே சுடாதிருக்கும் பொருட்டு இடப்பட்ட அடையாளம். உட்பகுதி அலுமினியத்தில் துருவைத் தடுக்க 'அவோதகே' என்னும் நீலப்பச்சை அரக்குப் பூச்சு இடப்பட்டது. வெள்ளி நிறத்தின்மேல் ஒளி ஊடுருவும் பூச்சாக அதை மாதிரியில் காட்டுவர். தரைப்படையின் 'ஹயபுசா' விமானங்கள் பல, வெற்று உலோகத்தின்மேல் பச்சைத் திட்டுகள் கொண்டவை. அடிப்பூச்சு இல்லாமல் பூசப்பட்ட இவற்றில் வண்ணம் எளிதில் உரிந்தது.

வண்ணம் பூசும் முறை

விளையாட்டு மாதிரிகளுக்கான வழக்கமான முறை வருமாறு. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டியெடுத்து, பிசிறுகளை அரத்தால் தேய்த்து ஒட்டுவர். உலோகமோ பிசினோ ஆனால், சோப்பு நீரில் கழுவிய பின் அடிப்பூச்சு இடுவர். அடுத்து முதன்மை நிறத்தை மெல்லிய பூச்சுகளாகப் பூசுவர். மாதிரி சிறிதாகச் சிறிதாக நிறம் கருத்துத் தோன்றும் என்பதால், உண்மை நிறத்தைவிடச் சற்று வெளிறிய கலவையைப் பயன்படுத்துவர். தகடுகளின் இணைப்புக் கோடுகளில் நீர்த்த கருநிறத்தை வழியவிட்டு, மேடுகளில் உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தைத் தேய்ப்பர். பின்னர் செவ்வட்டம், வால் எண் முதலிய ஒட்டுப்படங்களை நீரில் நனைத்து ஒட்டி, மங்கல் வார்னிஷால் முடிப்பர். அடிக்கடி கையாளப்படும் பொருள் என்பதால், இந்த வார்னிஷ் பூச்சு இன்றியமையாதது.

இலங்கைத் தாக்குதலை மேசையில் அமைத்தல்

1942 ஏப்ரல் 5 அன்று புச்சிடா தலைமையில் ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் நகரின் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள் அவற்றை எதிர்த்தன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கி மூழ்கடிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் அச்சத்தால் சென்னை நகரிலிருந்தும் மக்கள் பெருமளவில் வெளியேறினர்.

இந்நிகழ்ச்சி போர் விளையாட்டுக்காரர்கள் விரும்பி அமைக்கும் களங்களுள் ஒன்று. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முத்துத் துறைமுகத் தாக்குதலின்போது ஒவ்வொரு கப்பலின் விமானத்திற்கும் உடற்பகுதியில் தனிப் பட்டை இருந்தது. 'அகாகி'க்கு ஒரு சிவப்பு, 'காகா'வுக்கு இரண்டு சிவப்பு, 'சொர்யு'வுக்கு ஒரு நீலம், 'ஹிர்யு'வுக்கு இரண்டு நீலம், 'ஷோகாகு'வுக்கு ஒரு வெள்ளை, 'சுய்காகு'வுக்கு இரண்டு வெள்ளை. பழுதுபார்ப்புக்காக ஜப்பானில் நின்றுவிட்ட 'காகா' இலங்கைக்கு வரவில்லை. ஆகவே கொழும்பு வானில் இரு சிவப்புப் பட்டை கொண்ட விமானத்தை வைப்பது வரலாற்றுப் பிழையாகும். கடையில் கிடைக்கும் பல ஒட்டுப்படத் தாள்கள் முத்துத் துறைமுகத் தாக்குதலுக்கென அச்சிடப்பட்டவை என்பதால் இப்பிழை எளிதில் நேர்கிறது.

விமர்சனங்கள்

போரை விளையாட்டாக்குவது முறையா என்ற கேள்வி இப்பொழுதுபோக்குடன் தொடர்ந்து வருகிறது. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் கடலில் இளம் விமானிகளைச் சுமந்து கப்பல்கள்மீது மோதிய தற்கொலைப்படை விமானங்களும் ஜீரோக்களே. எனவே அத்தாக்குதல்களை மேசையில் ஆட மறுப்போர் உண்டு. மறுபுறம், ஒரு பட்டையின் நிறத்தைச் சரிபார்க்கப் புகுந்தவர், அவ்விமானம் எந்தக் கப்பலைச் சேர்ந்தது, எந்த நாளில் எந்த ஊர்மீது பறந்தது, கீழே இருந்தோர் யார் என்பதையும் படிக்க நேர்கிறது. 'ஹெர்மிஸ்' கப்பலோடு மாண்ட 307 பேரின் செய்தியை இவ்வழியாகவே முதன்முதலில் அறிந்துகொள்வோரும் உள்ளனர்.