அக்கா வாங்கி வந்த கேசட்

1993 ஜூலையில் அக்கா பிரான்சிலிருந்து லீவுக்குப் புதுச்சேரி வந்தபோது என் மகனுக்கு ஒரு வீடியோ கேம் கேசட் வாங்கி வந்தாள். சாம்பல் நிறம், ஒரு டைரி அளவு, மேலே மீசைக்காரன் படம். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3. "பிள்ளைக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன்னு கடுதாசி போட்டியே தம்பி, அதுக்குத்தான்" என்றாள். விலை என்ன என்று கேட்டேன், சொல்லவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவும் வேலை அவளுக்கு. எவ்வளவு சிக்கனமாக இருந்து வாங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

கேசட் எங்கள் மெஷினில் நுழையவே இல்லை. எங்களுடையது நம்மூர்க் கடைகளில் அப்போது கிடைத்த மலிவு மெஷின். அதற்கான கேசட்டுகள் மஞ்சள் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும். அக்காவின் கேசட் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. மகனுக்கு அப்போது எட்டு வயது. அவன் அழுதது கூடப் பெரிதில்லை. "கடைக்காரன் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னானே" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னதுதான் மனதில் தங்கிவிட்டது.

அது ஏன் நுழையவில்லை என்று எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற மெஷினை வெளியிட்டது. அதன் கேசட்டுக்கு 60 பின். அதே மெஷினை 1985இல் அமெரிக்காவுக்கும், அடுத்த இரண்டு வருஷங்களில் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனபோது பெயரையும் உருவத்தையும் மாற்றினார்கள். பெட்டி பெரிதானது, கேசட் பெரிதானது, பின்கள் 72 ஆயின. உள்ளே ஓடும் ஆட்டம் என்னவோ ஒன்றுதான். நம் ஊரில் விற்ற மலிவு மெஷின்களெல்லாம் ஜப்பான் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். ஆகவே அவற்றுக்கு 60 பின். அக்கா வாங்கியது ஐரோப்பாக் கேசட், 72 பின். கடைக்காரன் சொன்னது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

கூடுதலாக வந்த பின்களில் நான்கு ஒரு பூட்டுக்காக. மெஷினுக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. மின்சாரம் போட்டதும் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். இரண்டின் கணக்கும் ஒத்துப்போனால் ஆட்டம் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் மெஷின் நொடிக்கு ஒரு தரம் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும், திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். மனுவில் உள்ள நம்பரும் பதிவேட்டில் உள்ள நம்பரும் ஒத்துவராவிட்டால் ஃபைல் திரும்பிப் போகும். அதே வேலையைத்தான் அந்தச் சில்லும் செய்தது.

பூட்டு போட்டதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கேசட் போட்டு விற்று, மட்டமான ஆட்டங்கள் கடைகளில் குவிந்து, 1983இல் அந்த வியாபாரமே படுத்துவிட்டது. அனுமதி இல்லாதவன் கேசட் போடக்கூடாது என்பதுதான் பூட்டின் முதல் நோக்கம். கூடவே ஊர் பிரிக்கவும் அது உதவியது. ஒரு நாட்டில் ஒரு விலை, ஒரு நாட்டில் முன்னால், ஒரு நாட்டில் பின்னால் என்று விற்க வசதி. பிரிட்டனுக்கு ஒரு சில்லு, பிரான்சுக்கு வேறு சில்லு என்று ஐரோப்பாவுக்குள்ளேயே பிரித்திருந்தார்கள். லண்டனில் வாங்கிய கேசட் பாரிஸ் மெஷினில் மினுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

இதற்கெல்லாம் அடியில் டெலிவிஷன் வித்தியாசம் ஒன்று உண்டு. ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறை, நொடிக்கு 60 தரம் படம் புதுப்பிக்கப்படும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 தரம். 60க்கு எழுதிய ஆட்டத்தை அப்படியே 50க்குக் கொண்டுவந்தால் ஓட்டம் ஆறில் ஒரு பங்கு குறையும். பத்து நிமிஷ ஆட்டம் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், பாட்டும் இழுக்கும். திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பல கம்பெனிகள் அதைச் சரிசெய்யாமலே ஐரோப்பாவில் விற்றன. அக்கா மகன் சிறுவயதில் ஆடியதெல்லாம் இந்த மெதுவான ஆட்டம்தான். மெதுவாக ஓடுகிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது.

ஐம்பதுக்குள்ளும் ஒரு சண்டை. பிரான்ஸ் 1967இல் செக்காம் என்ற சொந்த முறையில் கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜெர்மனி அதே வருஷம் பால் முறையில் தொடங்கியது. 1982இல் நம் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது பால் முறையை எடுத்துக்கொண்டது. 1995இல் அக்கா தன் மூத்த மகள் கல்யாணத்தை வீடியோ கேசட்டில் அனுப்பினாள். எங்கள் வி.சி.ஆரில் போட்டால் படம் வந்தது, கலர் வரவில்லை. அக்கா கட்டியிருந்த அரக்குப் பட்டுப்புடவையைச் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தோம். என்ன நிறம் என்று கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என் மனைவி.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பிரிவினை புதிதில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா மனுவை எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை கொடுக்கவில்லை. நானும் பெரியப்பா மகனும் ஒரே வகுப்பில் ஒரே பிரெஞ்சுப் பாடம் படித்தவர்கள். அவன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய்ச் சொல்தா ஆனான். நான் குமாஸ்தா ஆனேன். அக்காவைப் பிரெஞ்சு காகிதம் உள்ள வீட்டில் கொடுத்ததால் அவள் போனாள். ஒருவர் குறை என்று இதைச் சொல்லவில்லை. அந்த ஆறு மாதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பூட்டு இருந்தால் திறக்கிறவனும் இருப்பான். அக்கா மகன் அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவில் ஆடியவன். பிரான்ஸில் அப்போது டிராகன் பால் என்ற ஜப்பான் கார்ட்டூனுக்குப் பிள்ளைகள் பைத்தியமாக இருந்தார்கள். அதன் ஆட்டங்கள் முதலில் ஜப்பானில்தான் வரும். அந்தக் கேசட் ஐரோப்பா மெஷினில் உருவத்தால் நுழையும், ஆனால் சில்லு ஒத்துக்கொள்ளாது. அதற்கு ஓர் அடாப்டர் விற்றார்கள். அதில் ஜப்பான் கேசட் ஒன்று, உள்ளூர்க் கேசட் ஒன்று, இரண்டையும் சொருக வேண்டும். மெஷின் கேட்கும் கேள்விக்கு உள்ளூர்க் கேசட்டின் சில்லு பதில் சொல்லும், ஆட்டம் ஜப்பான் கேசட்டிலிருந்து ஓடும். அயலூர்க்காரனுக்கு உள்ளூர்க்காரன் ஜாமீன் நிற்பது போல. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், எந்தப் பட்டன் எதற்கென்று நோட்டில் எழுதி வைத்து ஆடுவார்களாம்.

அமெரிக்க மெஷினில் கதை இன்னும் வேடிக்கை. ஜப்பான் கேசட்டைத் தடுத்தது உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் மட்டுமே. குறட்டால் ஒடித்தால் வேலை முடிந்தது. பிறகு 1994இல் பிளேஸ்டேஷன் வந்து, கேசட் போய்த் தட்டு வந்தது. தட்டில் நான்கு எழுத்து ரகசியமாகப் பதிந்திருக்கும், கடைசி எழுத்து மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதற்கும் ஒரு சிறு சில்லைப் பற்றவைத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் கிளம்பினார்கள். கையில் வைத்து ஆடும் கேம் பாயில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஊர்ப்பூட்டு இல்லை. திரை அதோடேயே இருந்ததால் டெலிவிஷன் சிக்கலும் இல்லை. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, 2017இல் வந்த ஸ்விட்ச் இரண்டிலும் ஆட்டத் தட்டுகளுக்கும் கேசட்டுகளுக்கும் பூட்டு கிடையாது என்றே சொல்லலாம். கடைசியில் கம்பெனிக்காரர்களே கழற்றிவிட்டார்கள்.

அக்கா 2008இல் காலமானாள். காரியத்துக்கு என்னால் போக முடியவில்லை. விசா கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

2019 டிசம்பரில் அக்கா மகன் வந்தான். நாற்பதை நெருங்கியவன், தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பேச்சுவாக்கில் அந்தக் கேசட் கதையைச் சொன்னேன். "இன்னும் இருக்கா மாமா?" என்றான். அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய மெஷின் பரணில் கிடந்தது. அவன் தன் ஊரில் ஒருவருக்குச் சொல்லி, கிளம்பி வரும் உறவுக்காரர் மூலமாக 60 பின்னுக்கு 72 பின் பொருத்தும் சின்ன அடாப்டரை வரவழைத்தான். நகல் மெஷினில் பூட்டுச் சில்லே கிடையாது, கேள்வி கேட்காது என்பதால் அது ஓடும் என்றான்.

பின்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இரண்டு மூன்று தரம் எடுத்துச் சொருகிய பிறகு திரை எழும்பியது. "ஸா மார்ஷ்!" என்று கத்தினான். ஓடுது என்று அர்த்தம். என் மகனும் அவனும் தரையில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணிவரை ஆடினார்கள். இருவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

கேசட்டின் முதுகில் அக்கா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். நீலப் பேனாவில் என் மகன் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, கீழே "அத்தை" என்று தமிழில் போட்டிருந்தாள். அடாப்டரில் சொருகியபோது அந்தச் சீட்டு வெளிப்பக்கம் பார்த்து நின்றது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.