படிகத்தை மாற்றியவர்களும் பயாஸ் காவலனும்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிய கணிப்பொறி கேட்டோம். பணமில்லை என்று பதில் வந்தது. "சார், இருப்பதையே வேகமாக ஓட்ட முடியாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். முடியும். அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு.

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது நாடியைப் போல் ஒழுங்காகத் துடிக்க, அந்தத் துடிப்புக்கு ஏற்பச் செயலி வேலை செய்கிறது. துடிப்பைக் கூட்டினால் வேலையும் விரைவாக நடக்கும் அல்லவா?

1984-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 'ஏ.டி.' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதிலிருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை இரண்டால் வகுத்து, 80286 செயலியை 6 மெகாஹெர்ட்சில் ஓட்டினார்கள். சிலர் அப்படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகிப் பார்த்தார்கள். செயலி 8 மெகாஹெர்ட்சில் ஓடியது! தயாரிப்பாளர்கள் பாதுகாப்புக்காகச் சற்று இடம் விட்டே வேகத்தைக் குறிப்பது வழக்கம்.

ஐ.பி.எம். இதை ரசிக்கவில்லை. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் இயங்குவது பயாஸ் என்னும், சில்லில் பதிந்த நிரல். பின்னர் வந்த ஏ.டி. பயாசில் ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். வேகம் மிகுந்திருந்தால் கணிப்பொறி புறப்படவே மறுக்கும்.

இங்கே ஒரு கேள்வி. ஒரு கடிகாரம் முந்துகிறது என்பதை அந்தக் கடிகாரத்தையே பார்த்து அறிய இயலுமா? இயலாது. ஆனால் அப்பலகையில் நேரம் அளக்கும் சுற்றுக்கு 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று தனியே இருந்தது. அதன் கணக்கோடு செயலியின் ஓட்டத்தை ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கைக்கடிகாரத்தை ரயில் நிலையக் கடிகாரத்தோடு சரிபார்ப்பதைப் போன்றதே இது. பயனாளர்களும் விடவில்லை. சிலர் வேறு பயாஸ் சில்லை மாட்டினார்கள். சிலர் புறப்படும்போது மெதுவாகவும், சோதனை முடிந்தபின் வேகமாகவும் துடிக்கும் சுற்றைப் பொருத்தினார்கள். இரண்டாவது தந்திரம்தான் எனக்குப் பிடிக்கும்.

பயாஸ் எழுதிய பிற நிறுவனங்களுள் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்சும் ஒன்று. 1985-இல் சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

1990-களில் காவலனே கதவைத் திறந்துவிட்டான். தைவானின் ஏபிட் போன்ற நிறுவனங்கள் துடிப்பெண்ணைப் பயாஸ் திரையிலேயே மாற்ற வழி செய்தன. 1998-இல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் செயலியின் பெருக்கெண் 4.5. பலகையின் துடிப்பை 66-இலிருந்து 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்! ஆனால் குறைந்த வேகச் செயலிமேல் கூடிய வேகத்தைப் பொறித்து விற்ற மோசடி வணிகர்களும் இருந்தார்கள். இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி எங்கள் கதை. சேவையகங்களிலிருந்து கழித்துக்கட்டிய ஜியான் இ5450 செயலி பழைய சந்தையில் மலிவு. இரண்டு தொடர்புப் புள்ளிகளை இடம் மாற்றும் ஒட்டுத்தாளை வைத்து, ஓரத்தைச் சிறிது வெட்டினால், 775 வகைப் பலகையில் அமரும். ஆயினும் பயாசுக்கு அது அந்நியர். அதற்குரிய நுண்நிரலைச் சேர்த்துத் திருத்திய பயாசைச் சில்லில் எழுத வேண்டும். எழுதும் பாதியில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். மின்கலம் செத்துக் கிடந்ததைக் கவனிக்காதது என் பிழை. பலகை ஊமையாயிற்று. சில்லைக் கழற்றி, தனிக் கருவியால் மீண்டும் எழுதிப் பிழைக்க வைத்தோம்.

அச்செயலியின் பெருக்கெண் 9. துடிப்பை 333-இலிருந்து 400 ஆக்க, 3,000 மெகாஹெர்ட்ஸ் 3,600 ஆனது. ஆனால் வெப்பம் துடிப்பெண்ணோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் பெருகும். வேகத்தை 20 விழுக்காடும் அழுத்தத்தை 10 விழுக்காடும் கூட்டினால் 1.2 × 1.21, ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் வெப்பம். அதை வாங்கிக்கொள்ள வேண்டியது அறையின் காற்று. மார்கழியில் தஞ்சைக் காற்று அதை வாங்கிக்கொண்டது. சித்திரையிலோ செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இப்போது பங்குனி பிறந்ததும் மாணவர்களே பயாஸ் திரையைத் திறந்து 333-க்கு இறக்கிவிடுகிறார்கள்.