உலோக எலும்புக்கூடு வந்த வழி

எண்பதுகளின் தொடக்கம். ஜேம்ஸ் கேமரூன் ரோம் நகரில் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தார். ‘பிரானா 2’ என்ற மலிவுப் படம் ஒன்றை இயக்கப் போய், அதுவும் தயாரிப்பாளரின் கைக்குப் போய்விட்டிருந்த நேரம். அந்தக் காய்ச்சலில் அவருக்கு ஒரு கனவு வந்தது. ஏதோ வெடிக்கிறது. தீக்குள்ளிருந்து ஓர் உலோக உடல் வெளியே வருகிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கையில் சமையலறைக் கத்திகளைப் பிடித்துக்கொண்டு, தரையில் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வருகிறது.

கனவில் கண்டதை அவர் படமாக வரைந்தார், பிறகு கதையாக எழுதினார். ‘டெர்மினேட்டர்’ என்ற அந்தக் கதையின் உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரு டாலருக்கு விற்றார். படத்தை நான்தான் இயக்குவேன் என்பது மட்டுமே நிபந்தனை. பெயரில்லாத இயக்குநருக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. கடைசியில் கிடைத்த பட்ஜெட் 64 லட்சம் டாலர். படம் வெளியான அதே 1984-ல் வந்த ‘டூன்’ படத்துக்குச் செலவானது ஏறக்குறைய நான்கு கோடி டாலர் என்றால், ‘டெர்மினேட்டர்’ எவ்வளவு ஒடுங்கிய கையோடு எடுக்கப்பட்டது என்று புரியும்.

அந்த எலும்புக்கூட்டுக்கு உருவம் கொடுக்கும் வேலை முதலில் ஒப்பனைக் கலையின் மூத்தவர் டிக் ஸ்மித்திடம் போனது. அவர் ஸ்டான் வின்ஸ்டனைக் கைகாட்டினார். வின்ஸ்டனின் பட்டறையில் ஏழு கலைஞர்கள் ஆறு மாதம் உட்கார்ந்தார்கள். முதலில் களிமண்ணில் செதுக்கினார்கள். அச்செடுத்து வார்த்து, எஃகுச் சட்டம் கொடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே குரோம் பூசினார்கள். பளபளவென்று மின்னும் அந்தப் பல்வரிசையும் விலா எலும்பும் இப்படி ஒவ்வொன்றாகக் கையால் உருவானவை. பொம்மையின் எடை 45 கிலோவுக்கு மேல். அதை நடக்கவைக்கும் மோட்டாருக்கோ, கம்ப்யூட்டர் வரைகலைக்கோ அவர்களிடம் வழியில்லை. அருகாமைக் காட்சிகளில் ஆட்கள் கேமரா கண்ணுக்குப் படாமல் கீழே ஒளிந்துகொண்டு அதைக் கையால் ஆட்டினார்கள்.

முழு உடலும் நடக்க வேண்டிய காட்சிகளுக்குச் சிறிய பொம்மை ஒன்று தனியாகச் செய்தார்கள். ஸ்டாப் மோஷன் முறை: பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி அடுத்த படம். திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும். பொறுமையாகச் செய்தாலும் இந்த முறையில் நடை கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் வரும். அதுவரை மனிதத் தோல் போர்த்திய அந்த இயந்திரமாக வரும் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கரின் கனத்த நடையைப் பார்த்த கண்ணுக்கு, அடுத்த நிமிடமே இந்த வெட்டு நடை பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேமரூன் இதற்குக் கண்டுபிடித்த வழியை நான் சினிமாவின் மிக நல்ல யோசனைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். பொம்மையின் நடையை மனிதனுடைய நடைபோல ஆக்கப் பணம் இல்லை. அதனால் மனிதனின் நடையைப் பொம்மைக்கு ஏற்றபடி மாற்றினார். எலும்புக்கூடு வெளிப்படுவதற்கு முன்பே ஷ்வார்ஸ்நெக்கர் காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு போவதாக ஒரு காட்சி எடுத்தார். பார்வையாளர் மனதில் அந்த நொண்டல் பதிந்துவிடுகிறது. பிறகு லாரி வெடித்து, தோல் முழுதும் எரிந்து, தீக்குள்ளிருந்து எலும்புக்கூடு எழுந்து வரும்போது அதே காலை இழுத்து இழுத்து வருகிறது. வெட்டு நடையாக அது யாருக்கும் தெரியவில்லை. அடிபட்டும் விடாமல் துரத்துகிறது என்றுதான் தெரிந்தது. கையில் காசு இல்லாததால் வந்த குறை, கதாபாத்திரத்தின் பிடிவாதமாக மாறிவிட்டது.

கடைசியில் அது இடுப்போடு துண்டாகிறது. கனவில் வந்த அதே பாதி உடல், தரையில் கையூன்றிக் கதாநாயகி சாரா கானரை நோக்கித் தவழ்கிறது. சமையலறைக் கத்திகள் மட்டும் இல்லை. இரும்பு அழுத்தியில் அது நசுங்கி, சிவப்புக் கண் மெல்ல அணையும் அந்தக் காட்சியில் இரும்பு என்பதே கிடையாது. நுரைப்பலகை, அலுமினியத் தாள், ஒரு சிவப்பு விளக்கு, சிகரெட் புகை, இவ்வளவுதான்.

படம் 1984 அக்டோபர் 26 அன்று வெளியானது. அதற்குப் பிறகு அந்த எலும்புக்கூடு யாருக்கும் கட்டுப்பட்டதாக இருக்கவில்லை. மனிதத் தோல், உள்ளே இயந்திரம் என்ற இந்த ஒரு யோசனைக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை என்று உலகம் முழுக்கச் சிறு தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்துபோனது. தோல் கிழிந்த இடத்தில் கொஞ்சம் கம்பியும் விளக்கும் காட்டினால் போதும், மீதி நேரம் முழுவதும் அவன் சாதாரண மனிதன்தான். செலவில்லாத அறிவியல் கதை என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

இத்தாலியில் செர்ஜியோ மார்டினோ ‘ஹேண்ட்ஸ் ஆஃப் ஸ்டீல்’ எடுத்தார். அரிசோனாவில் 1985-ல் நடந்த அதன் படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகர் கிளாடியோ காஸினெல்லி இறந்துபோனார். மலிவுப் படங்களை ரசித்துப் பேசும்போது இந்த இறப்பைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. சிக்கனம் எல்லாம் அட்டையிலும் சாயத்திலும் முடிவதில்லை. சில நேரம் ஆட்களின் உயிரிலும் கைவைக்கிறது. இந்தோனேசியாவில் 1989-ல் வந்த ‘லேடி டெர்மினேட்டர்’, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தென்கடல் அரசியின் கதையோடு இந்தத் துரத்தும் கொலைகாரனைக் கலந்துவிட்டது. அங்கே இயந்திரத்துக்குப் பதில் கடலரசியின் ஆவி. நடையும் துப்பாக்கியும் மட்டும் அமெரிக்காவுடையவை.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆல்பர்ட் பியூனின் ‘சைபார்க்’, 1989. கேனன் பிலிம்ஸ் நிறுவனம் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ இரண்டாம் பாகத்தையும் ஒரு ஸ்பைடர்மேன் படத்தையும் எடுக்கப்போவதாகச் சொல்லி அரங்கும் உடையும் தயாரித்துவிட்டது. பணம் முடை. இரண்டு படங்களும் கைவிடப்பட்டன. வட கரோலினாவின் வில்மிங்டனில் அரங்குகள் ஆளில்லாமல் நின்றன. இருப்பதை வைத்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்று பியூன் ஒரு வார இறுதிக்குள் கதை எழுதினார். ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பு முடிந்தது. ழான் குளோட் வான் டாம் கதாநாயகன். சைபார்க் அவர் அல்ல, அவர் காக்க வேண்டிய பெண். யாருடைய கனவுக்காகவோ கட்டிய மதில்கள், வேறொரு உலகத்தின் இடிபாடுகளாகத் திரையில் நிற்கின்றன. கொள்ளைநோயில் அழிந்த நகரம் என்ற கதைக்கு அந்தப் பாழ் அரங்குகள் அவ்வளவு பொருந்தின.

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரான ஓமந்தூர்ப் பக்கத்துக்கு இவையெல்லாம் அப்போது தியேட்டர் வழியாக வரவில்லை. முதலமைச்சராக இருந்த ஓமந்தூரார் பிறந்த ஊர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு, சினிமா பார்க்க மட்டும் திண்டிவனம் போக வேண்டும். இங்கிலீஷ் படம் என்றால் பாண்டிச்சேரி. போக முடியாதவர்களுக்கு வீடியோ டெக்கு. திருவிழாவுக்கோ காதுகுத்துக்கோ டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவில் மேசை போட்டு விடிய விடிய ஓட்டுவார்கள். முதலில் ஒரு எம்.ஜி.ஆர். படம், அடுத்து ஒரு புதுப் படம், குழந்தைகள் தூங்கிய பிறகு இங்கிலீஷ் சண்டைப் படம். பல கை மாறித் தேய்ந்த கேசட், படத்தின் மேலும் கீழும் கோடு விழுந்துகொண்டே இருக்கும். வசனம் யாருக்கும் புரியாது. யாராவது ஒருவர் சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டு வருவார்: “அவன் மனுசன் இல்லப்பா, உள்ள பூரா இரும்பு.” அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் தன் கண்ணைத் தானே தோண்டியெடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, உள்ளே எரியும் சிவப்பு விளக்கைக் கறுப்புக் கண்ணாடி போட்டு மறைக்கிறானே, அந்தக் காட்சிக்கு எந்த மொழியில் வசனம் வேண்டும்? பேச்சைக் குறைத்து எழுதப்பட்ட படம் என்பதால்தான் அது இவ்வளவு தூரம் வந்தது.

தமிழிலும் அந்த உருவம் 1989-லேயே தலைகாட்டியது. வேலு பிரபாகரன் இயக்கிய ‘நாளைய மனிதன்’. இறந்தவரைப் பிழைக்கவைக்கும் மருந்து ஒன்று. இறந்த குறிப்பிட்ட நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், நேரம் தவறிக் கொடுத்ததால் எழுந்துவந்தவன் கொலைகாரனாகிறான். உயரமான அஜய் ரத்னம் அந்த உருவமாக வந்தார். இது சைபார்க் இல்லை, உள்ளே இரும்பும் இல்லை. ஆனால் கொல்ல முடியாத ஓர் உடல் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பது என்ற அச்சம் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய கம்பெனிகள் தொடாத ஒரு வகையை ஒரு சிறிய படம் துணிந்து தொட்டது. அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது. தமிழ் அறிவியல் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக ‘எந்திரன்’ பக்கம் தாவிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வேலு பிரபாகரனுக்கு அங்கே ஓர் இடம் உண்டு.

எந்திரனுக்கும் ரோமில் வந்த கனவுக்கும் நேரடி உறவே இருக்கிறது. ஷங்கர் இந்தக் கதையைத் தொண்ணூறுகளின் கடைசியில் கமல்ஹாசனை வைத்து எடுக்க நினைத்தார், அது நடக்கவில்லை. எழுத்தாளர் சுஜாதா இதற்கு வசனம் எழுதினார். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழ் வாசகர்களின் செல்லமாக்கியவர் அவர். படம் முடிவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் ஸ்டான் வின்ஸ்டனும் போய்விட்டார். அவருடைய பட்டறையின் மூத்த கலைஞர்கள் சேர்ந்து ‘லெகசி எஃபெக்ட்ஸ்’ என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஜான் ரோசன்கிராண்ட், ஷேன் மஹான் இருவரும் 1984-ல் இளைஞர்களாக அந்த முதல் எலும்புக்கூட்டைச் செய்த குழுவில் இருந்தவர்கள். படத்தின் ரோபோவான சிட்டியின் இயந்திர உருவங்களைச் செய்துகொடுத்தது இந்த லெகசி எஃபெக்ட்ஸ்தான்.

படம் 2010 அக்டோபர் 1 அன்று வெளியானபோது இந்தியாவிலேயே அதிகச் செலவில் எடுத்த படம் என்று பேசப்பட்டது.   படப்பெட்டி பஸ் கூரையில் வந்து இறங்கிய காலம் முடிந்து, சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் க்யூப் டிஜிட்டல் திரையிடல் சின்ன ஊர் தியேட்டர்களையும் எட்டத் தொடங்கியிருந்த நேரம் அது.

நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றாகிப் பந்தாகவும் பாம்பாகவும் மாறும் உச்சக்காட்சிக்குத்தான் பணம் கொட்டப்பட்டது. அதன் காட்சி விளைவுகளுக்காக வி. ஸ்ரீனிவாஸ் மோகனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. என் மனதில் நின்றது அதற்குப் பிறகு வரும் காட்சி. சிட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்பு சொல்கிறது. அவன் தன்னைத் தானே, ஒவ்வொரு பாகமாக, பேசிக்கொண்டே கழற்றிக்கொள்கிறான். கேமரூன் படத்தில் தோலுக்குக் கீழே உலோகம் தெரிந்தால் பயம். இங்கே அதே உலோகம் தெரியத் தெரியத் தொண்டை அடைக்கிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக உட்கார்ந்து அழும் வழக்கமுள்ள ஊரில் ஓர் எலும்புக்கூடு நிலைக்க வேண்டுமென்றால், அதற்காக யாராவது அழ வேண்டியிருக்கிறது. ஷங்கருக்கும் சுஜாதாவுக்கும் அது தெரிந்திருந்தது.

அத்தனை கோடிக்குப் பிறகு அந்த இயந்திர உருவம் மறுபடியும் சிறிய படத்துக்கே திரும்பியது. மலையாளத்தில் 2019-ல் ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் எடுத்த ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’. பையன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிடிவாதக்காரக் கிழவர் ஒருவர், அவரைப் பார்த்துக்கொள்ள மகன் கொண்டுவந்து விட்ட ரோபோ. பார்க்கிறவர்கள் அதை நிஜ இயந்திரம் என்றும் கிராபிக்ஸ் என்றும் பேசிக்கொண்டார்கள். படம் வெளியான பிறகுதான், அந்தக் கூட்டுக்குள் இருந்து நடித்தவர் சூரஜ் தேலக்காடு என்ற குள்ள உருவ நகைச்சுவைக் கலைஞர் என்று தெரிந்தது. கிழவராக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடு கேரள அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார், பொதுவாளுக்குச் சிறந்த அறிமுக இயக்குநர் விருது. மூன்று ஆண்டுகளில் அது கே. எஸ். ரவிகுமார் நடிக்க ‘கூகுள் குட்டப்பா’ என்று தமிழுக்கும் வந்தது. கேமரூனின் படப்பிடிப்பில் ஆட்கள் பொம்மைக்குக் கீழே ஒளிந்திருந்தார்கள், பையன்னூரில் ஆள் பொம்மைக்குள்ளேயே போய்விட்டார். வியர்வை ஊற்றும் அந்தக் கூட்டுக்குள் நின்று, ஒரு கிழவருக்குச் சோறு பொங்கித் துணி காயப்போடும் இயந்திரமாக நடித்த சூரஜின் முகம், படம் முழுக்க ஒரு தடவைகூடத் திரையில் தெரியாது.