கையால் மீட்ட கரண்ட்



தண்ணீர் பாயும்போது கரண்ட் நின்றால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வயல் நனைந்திருக்கும், பாதி காய்ந்து கிடக்கும். அதையே ஒருவன் வேண்டுமென்று செய்தால்? கோதுமையும் சூரியகாந்தியும் விளைகிற உக்ரைன் நாட்டில் அப்படித்தான் நடந்தது.

2015 டிசம்பர் 23. குளிர்காலம். மேற்கு உக்ரைனில் ஒரு மின் விநியோக அலுவலகம். வேலையில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. சப்ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ மாதக்கணக்கில் கம்ப்யூட்டருக்குள் புகுந்து காத்திருந்து செய்த வேலை. மூன்று கம்பெனிகளில் ஏறக்குறைய 2,25,000 இணைப்புகள் இருண்டன.

எப்படி மீட்டார்கள் தெரியுமா? ஆட்கள் வண்டி ஏறி சப்ஸ்டேஷன்களுக்கே போய், சுவிட்சுகளைக் கையால் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. பழைய கைவேலையை மறக்காததால் பிழைத்தார்கள்.

அடுத்து வந்தது பெரிய போர். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நுழைந்தது. அக்டோபர் 10 முதல் ஏவுகணைகள் மின் நிலையங்களையும் பெரிய டிரான்ஸ்பார்மர்களையும் குறி வைத்தன. பெரிய டிரான்ஸ்பார்மர் என்றால் நூறு டன்னுக்கு மேல் எடை இருக்கும். ஆர்டர் கொடுத்தால் செய்து வர மாதக்கணக்காகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மின் நிலையங்கள் எல்லாம் ஒரே கவலையில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒரு மாடு விழுந்தால் பாரம் மற்ற மாட்டின் மேல் ஏறும். நடை தளரும், கடைசியில் அதுவும் படுத்துவிடும். அதனால் பாரத்தைக் குறைத்தார்கள். ஊர் ஊராக மணிக்கணக்கு வைத்து, நாம் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போல, கரண்டைப் பங்கிட்டார்கள். இருந்தும் நவம்பர் 23 அன்று தாக்குதல் தாங்காமல் நாட்டின் பெரும்பகுதி இருண்டது. மறுபடி படிப்படியாக மாட்டைப் பூட்டுவது போல ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

மார்ச் 16 அன்றே ஐரோப்பிய நாடுகளின் மின்தொடரோடு இணைந்திருந்தது பெரிய துணை. லிதுவேனியா போன்ற நாடுகள் டிரான்ஸ்பார்மர்களே அனுப்பின. மிச்சமிருந்தவற்றைச் சுற்றிக் கல்லும் மணலும் கான்கிரீட்டும் கொண்டு அரண் கட்டினார்கள். பால் பண்ணைகளில் ஜெனரேட்டர் வைத்துக் கறவை நடத்தினார்கள். மாடு கரண்டுக்காகக் காத்திருக்குமா? பழுது பார்க்கப் போன தொழிலாளர்கள் பலர் உயிரையே கொடுத்தார்கள்.

கைவேலை தெரிந்த ஆள், பங்கிட்டுக்கொள்ளும் மனசு, கையிருப்பில் ஒரு உதிரிச் சாமான். இந்த மூன்றும்தான் அவர்களைக் காப்பாற்றின. ஃபுட்வால்வு வாஷர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்திருக்கிறவருக்கு இது புதுப் பாடம் இல்லை.