ஐஸ் ஹவுஸில் ஓர் இடம்

பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் விருந்தினருக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறோம். இந்த ஊர்க் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். அதைச் சேமிக்க 1840களில் மெரினாவில் எழும்பிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அது விதவைச் சிறுமிகளின் விடுதியாக இருந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின் கதையில் முக்கியமான பகுதி அதுதான்.

அந்தச் சிறுமிகளை அங்கே கொண்டுவந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பொறியாளர். சிறுமியாக இருக்கும்போதே மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தார். அன்றைய பிராமணக் குடும்பங்களில் அதற்குப் பின் நடக்க வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவை: தலையை மழித்து, ஒற்றை நிறப் புடவை கட்டி, சமையற்கட்டில் முடக்குவது. பெற்றோர் அதைச் செய்ய மறுத்தார்கள். மகளைப் படிக்க வைத்தார்கள். அவர் 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் கருணையையும் தியாகத்தையும் நிறையச் சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அவருடைய கணக்குதான் பிடித்திருக்கிறது.

மாகாண அரசாங்கத்துக்குப் பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். பெண்களுக்கென்று பள்ளி திறந்தாலும் ஆண் வாத்தியாரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். பெண்ணை ஆசிரியராக்கலாம் என்றால், படித்த பெண் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் புக்ககம் போய்விடுவாள். ஆசிரியப் பயிற்சிக்கு யார் மிஞ்சுவார்கள்? வீட்டு மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட விதவைப் பெண்தான். குடும்பத்துக்குச் சுமையாகக் கருதப்பட்டவள் அரசாங்கத்துக்கு அவசியமானவளாக இருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் சுப்புலட்சுமி. பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் பெண்மணியும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

1912இல் எழும்பூரில் தகப்பனார் வீட்டிலேயே நான்கு சிறுமிகளோடு இல்லம் தொடங்கியது. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. சாரதா மகளிர் சங்கமும் அந்த ஆண்டுதான் பிறந்தது. எண்ணிக்கை பெருகி இடம் போதாமல் போனபோது, 1917இல் அரசாங்கம் ஐஸ் ஹவுஸை வாங்கிக் கொடுத்தது. அதே கடற்கரையில் 1914இல் திறந்த ராணி மேரிக் கல்லூரி நடக்கும் தூரத்தில் இருந்தது. 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, சுப்புலட்சுமியே அதன் முதல் முதல்வர். பட்டதாரிகளுக்கு ஒரு பயிற்சி, இடைநிலைப் பள்ளிக்கு ஒன்று, தொடக்கப் பள்ளிக்கு ஒன்று என்று மூன்று படிகள். கையோடு பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளியும் உண்டு.

படுக்கை, சாப்பாடு, பள்ளிக்கூடம், பயிற்சி, சான்றிதழ், வேலை. இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கிராமத்திலிருந்து வந்த பெண் திரும்பிப் போக வேண்டியதுதான். இங்கே புதிதாகக் குடியேறிய பெண்களுக்கான வேலைப் பயிற்சி வகுப்பில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பாடத்திட்டத்தில் குறையே இல்லை. ஆனால் பிள்ளையை யாரிடம் விடுவது, இரவு வகுப்பு முடிந்து எந்தப் பேருந்தில் போவது என்ற இரண்டு கேள்விகளில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். படுக்கையிலிருந்து தொடங்கியவரின் சாமர்த்தியம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

அன்றைய சம்பளத்தின் பொருளும் வேறு. கூட்டுக் குடும்பத்து இந்து விதவைக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கணவனின் சொத்தில் பங்கு கிடையாது. சோறும் துணியும் கேட்கலாம், அவ்வளவுதான். அந்த நிலையில் மாதம் பிறந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கும் பணம் என்பது என்ன! தெலுங்கு நாட்டில் வீரேசலிங்கம் 1881லேயே விதவை மறுமணம் நடத்தி வைத்தார். அது துணிச்சலான வழி. சுப்புலட்சுமி மறுமணத்தை இல்லத்தின் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் ஆசாரமான பெற்றோர் ஒருவரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அந்த ஆசாரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கானது. அரசாங்கம் வாங்கிய கட்டடத்தில், அரசாங்கத்தின் ஆதரவோடு, ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டும் இடம். காலத்தின் கட்டாயம் என்று இதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரின் நம்பிக்கையைப் பெற அவர் கண்ட உபாயம் அது. அதே உபாயம் மற்றப் பெண்களுக்குக் கதவை அடைத்தது. பக்கத்து மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார் என்பதும் உண்மை, ஆனால் விடுதியின் கதவு வேறு. 1930களின் தொடக்கத்தில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காத நிலையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டையே திறந்துவிட்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் உருவாயிற்று. இரண்டு இல்லங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்தப் பெண்ணுக்குப் பயிற்சி என்று முடிவு செய்தது பல நேரம் திறமைக்கு முன்பு அவள் பிறந்த வீடு.

தாம் போட்ட அமைப்பில் விடுபட்டவர்களைச் சுப்புலட்சுமியும் ஓரளவு கவனித்தார். வயது கடந்த விதவைகளுக்காக 1927இல் தங்கிப் படிக்கும் வசதியோடு சாரதா வித்யாலயம். அது 1938இல் ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போனது. பள்ளிப் பருவம் தாண்டிய பெண்களுக்காக 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலயம். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர், 1958இல் பத்மஸ்ரீ, 1969 டிசம்பரில் மறைவு.

மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. அங்கே படித்துவிட்டு இங்கே பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கும் சிலரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இருவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் தம் பாட்டி அந்தக் கடற்கரை விடுதியில் தங்கிப் படித்து மாயவரம் பக்கம் ஆசிரியையாகப் போனவர் என்றார். பாட்டியின் சம்பளத்தில்தான் தாத்தாவின் தம்பிகள் இருவர் கல்லூரிக்குப் போனார்களாம். பாட்டி என்றால் சொந்தப் பாட்டி இல்லை, தாத்தாவின் அக்கா என்று பிறகு திருத்திக்கொண்டார்.